தலையணையைத் தள்ளிக்கொண்டு ஓடியவள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குத் 'தையல் மெஷின்' என்று பெயர். குரலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மறுமுனையில் யாராவது வீல் வீலென்று கத்திக்கொண்டிருப்பார்கள். இவள், "பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு, நான் லைன்லயேதான் இருக்கேன்," என்று தாலாட்டுகிற மாதிரி பேசிக்கொண்டிருப்பாள். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். வலது கால் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரியின் தண்ணீர் பாட்டில் நகர்ந்து நகர்ந்து மேஜை விளிம்புக்கே வந்துவிடும். ஊரையெல்லாம் ஓட விட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவளின் கால் வேறென்னதான் செய்யும்?

வீட்டிலும் தலைக்கு மேல் வேலை. கணவனுக்கு அச்சகத்தில் இரண்டாம் ஷிப்ட். அவன் வந்து படுக்கும்போது தெரு அடங்கியிருக்கும். மகள் பள்ளிக்குப் போகிறவள். தினமும் அவளுடைய ஒரு சாக்ஸ் மட்டும் காணாமல் போகும், இரண்டும் சேர்ந்து போனதாகச் சரித்திரமே இல்லை. சின்னவன் வாண்டு. விடிகிற நேரத்தில் எழுந்து தொண்டையைத் திறந்தானென்றால், ஹாலில் சோபாவில் படுத்திருக்கும் அப்பனின் தூக்கம் போச்சு. அதனால் அவனை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவது அவள் வழக்கம்.

ஓட்டம் ஆரம்பித்ததே ஒரு மழையால்தான். ஒரு நாள் பாதித் தெருவில் தூறல் பிடித்துக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். வீறிட்டுக்கொண்டிருந்த வாண்டு சட்டென்று நிறுத்தி, கெக்கெக்கென்று சிரித்து, வீட்டு வாசல் வருவதற்குள் தூங்கியே போனான். அவளுக்கு மூச்சு இரைத்தது, விலா பிடித்துக்கொண்டது, எங்கேயாவது உட்கார்ந்தால் போதுமென்று இருந்தது. ஆனால் அன்றைக்கு வேலையில் பக்கத்து நாற்காலிக்காரியின் பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் மழை இல்லை. இருந்தும் ஓடினாள். ஒரு விளக்குக் கம்பம் வரைக்கும் ஓட்டம், அடுத்த கம்பம் வரைக்கும் நடை. போகப் போக நடக்கிற கம்பங்கள் குறைந்தன. ஒரு ஜோடி ஷூ வாங்கினாள். தெரு அவளை மெச்சியது. "பெத்த பிள்ளைக்காக யாரும்மா இப்படி ஓடுறா!" என்று கட்டடத்து வாட்ச்மேன் எழுந்தே நின்றுவிடுவார். மாடி வீட்டு அக்கா, "பாவம், இவளுக்குத் தூக்கமே கிடையாது," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் உச்சுக்கொட்டினாள். இவளும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் குஷியோ குஷி. அந்தப் 'பாவம்' அவளுக்கு அத்தனை வசதியாக இருந்தது.

அப்புறம்தான் அந்த இடி விழுந்தது. வாண்டு விடிந்த பிறகும் தூங்க ஆரம்பித்தான்.

"அப்பாடா! இனிமே நீயும் நிம்மதியா தூங்கு," என்றான் கணவன், வாயெல்லாம் பல்லாக. அவளும் படுத்துப் பார்த்தாள். புரண்டு பார்த்தாள். கால் போர்வையை உதைத்துத் தள்ளியது. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் ஷூவை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு கேட்டைத் தாண்டி ஓடினாள். வாட்ச்மேன் பதறிப்போய் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. குப்பை போட வந்தேன்."

கையில் குப்பையும் இல்லை, ஒரு கூடையும் இல்லை. வந்த வழியே மாடியேறினாள். அன்று காணாமல் போன சாக்ஸுக்காக மகளை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். வேலையில், அழுதுகொண்டே பேசிய ஒரு கிழவரிடம், "சீக்கிரம் அட்ரஸ் சொல்லுங்க, சும்மா அழுதுட்டு!" என்று எரிந்து விழுந்தாள். சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அறையே திரும்பிப் பார்த்தது. தன் குரல் தன்னிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

கணவனிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அவன் மாட்டேன் என்கிற ஆள் இல்லை. "தாராளமா போ," என்பான். அப்புறம் ஒரு நாள் அவனுக்கு அலுப்பாக இருக்கும், ஒரு நாள் மகளுக்குப் பரீட்சை, ஒரு நாள் விருந்தாளி. அவன் வாயைத் திறக்கும் முன்பே இவளே விட்டுக்கொடுத்துவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா! பிள்ளைக்காக என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தனக்காக என்றால் முதலில் தன்னிடமே கேட்டு நிற்க வேண்டும்.

அதனால் தலையணையை வண்டியில் படுக்க வைத்தாள். கழுத்து வரைக்கும் போர்வையைப் போர்த்தினாள். தலையணைக்கு ஏது கழுத்து என்று கேட்காதீர்கள், அவள் போர்த்தியது அப்படித்தான். வாண்டு உள்ளறையில் கட்டிலில் தூங்கினான். அப்பன் ஹாலில் இருக்கிறான். சட்டென்று போய்விட்டு வந்துவிடலாம். வாட்ச்மேன் எழுந்து நின்றார். "சத்தம் போடாதீங்கண்ணே, இப்பத்தான் கண்ணசந்தான்," என்று உதட்டில் விரலை வைத்துவிட்டுப் பறந்தாள்.

சில நாள் இந்தக் கூத்து ஜோராக நடந்தது. வேலையில் குரல் திரும்பி வந்தது. ஆனால் ஓட்டத்தில் பழைய சுகம் இல்லை. யாராவது குனிந்து பார்த்துவிடுவார்களோ, போர்வை விலகிவிடுமோ என்று திருடியைப் போல ஓடினாள். அதனாலேயே இன்னும் வேகமாக, இன்னும் தூரமாக ஓடினாள்.

அன்றைக்குத் தூரம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. திரும்பித் தெருவுக்குள் நுழையும்போது பள்ளிப் பேருந்து வரும் நேரம். கட்டடத்துக்குக் கீழே கணவனும் மகளும் நின்றிருந்தார்கள். பால்கனியிலிருந்து மாடி அக்கா கத்திக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுலதாங்க குழந்தை அழுவுது! எவ்வளவு நேரமா கதவைத் தட்டுது!"

"எங்க வீடு இல்லக்கா," என்றான் அவன் சாவகாசமாக. "எங்காளு அம்மாகூட வெளிய போயிருக்கான். வண்டியக் காணோமே, பாத்துட்டுத்தானே கதவைப் பூட்டினேன்? இதோ வர்றாங்க பாருங்க!"

அவள் காதில் இரண்டு சொல் மட்டும்தான் விழுந்தது. அழுவுது. பூட்டினேன். அதற்கு மேல் அந்த அழுகையே விழுந்தது. அந்த அழுகை அவளுக்குத் தெரியாதா? பதறாதீங்க என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சாவி! சாவியக் குடுங்க!"

"எதுக்கு?" என்றபடி அவன் குனிந்து போர்வையை விலக்கினான். தலையணை. அவன் அவளைப் பார்த்தான். மகள் தலையணையைப் பார்த்தாள். அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவள் படியேறினாள்.

கதவுக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் மேல் நின்று கதவைக் குத்திக்கொண்டிருந்தான் வாண்டு. மூக்கு ஒழுகி வாய்க்கு வந்திருந்தது. அடி ஒன்றும் இல்லை. அவனை வாரி எடுத்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அதே ஸ்டூலை அவன் பால்கனிப் பக்கம் இழுத்துப் போயிருந்தால் என்று நினைக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள், முடியவில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த கணவனுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். ஸ்டூலைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றான்.

"அம்மா," என்றாள் மகள். "தம்பி இல்லாம எதுக்கும்மா ஓடுன?"

டாக்டர் சொன்னார், உடம்பு இளைக்க, முதுகு வலிக்கு என்று சாக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. வாசலில் மாடி அக்கா வேறு வந்து நின்றுவிட்டாள்.

"சும்மாதான்டி. எனக்கு ஓடப் பிடிச்சிருக்கு," என்றாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இனிமே ஓட மாட்டேன்."

"ஓடாதன்னு இங்க யாரு சொன்னது?" கணவன் குரலை உயர்த்தினான். அவன் கத்துவது அபூர்வம். "சொல்லிட்டு ஓடித் தொலை! தலகாணியத் தூங்க வச்சுக் கூட்டிட்டுப் போறியே, நானும் இந்த வீட்டுல ஒரு மனுஷன் இல்ல?"

அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். அவன் கேட்டது நியாயம்தான்.

அடுத்த நாள் விடிகாலையில் சோபா ஓரத்தில் நின்று அவன் தோளை உலுக்கினாள்.

"ஏங்க, நான் ஓடப் போறேன். அவன் உள்ள தூங்குறான்."

"ம்."

"ம்முன்னா போதாது. எழுந்து உள்ள போய்ப் படுங்க."

அவன் கண்ணைத் திறக்காமலே எழுந்து, கதவில் ஒருமுறை இடித்துக்கொண்டு, உள்ளறைக் கட்டிலில் மகனுக்குப் பக்கத்தில் சாய்ந்தான். "போ தாயே," என்றான்.

இறங்கினாள். பிடித்துத் தள்ள எதுவும் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தெரு முனை வரை போய் நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு அழுகைச் சத்தம் போதும், திரும்பி ஓடிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சத்தம் வரவில்லை. அவள் இல்லாமலே வீடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்குச் சுருக்கென்று வலித்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.