துவைக்காத கஃப்தான்

வேகவைத்த கெம்போங் மீனிலிருந்து சிரில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். சதையை முள்கரண்டியால் நசுக்கி, மீன் வெந்த தண்ணீரையே கொஞ்சம் விட்டுக் கூழாக்கினார். தனக்கென்று இவ்வளவு பொறுமையாக எதையும் செய்து பல மாதங்கள் ஆகியிருந்தன. மலேசியாவில், கிள்ளானில் இருந்த அந்தச் சின்ன வரிசைவீடு முழுக்க மீன் வாசனை. ஆனாலும் சந்தான் வரவில்லை.

வீட்டில் இரண்டு பூனைகள். தேங்காய்ப்பால் நிறம் என்பதால் ஒன்றுக்கு சந்தான் என்று மலாய்ப் பெயர். கறுப்பு சோயா சாஸ் மாதிரி இருந்ததால் மற்றதற்குக் கிச்சாப். அக்கா டொரத்தி வைத்த பெயர்கள். பூனைகளும் அவளுடையவைதாம். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இவரும் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டு வந்த நாளிலிருந்து இருவரும் இந்த வீட்டில்தான். அவள் கூடத்தில் பூனைகளோடு பேசிக்கொண்டிருப்பாள். இவர் ஜன்னலோரம் புத்தகத்தோடு இருப்பார். "டேய் சிரில், கிச்சாப்புக்கு நீ போஸ்ட்மேன் மாதிரிடா. வர்ற, போற" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். போன வருட மழைக்காலத்தில், மருத்துவமனைக்குப் போன மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

சந்தானுக்கு ஈறெல்லாம் புண்ணாகி, கிளினிக்கில் எல்லாப் பல்லையும் எடுத்திருந்தார்கள். நேற்று முன்தினம் வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டைத் திறந்துவிட்டதும் கிச்சாப் முதுகை வளைத்துச் சீறியது. ஒரே கூடையில் தூங்கிய பூனைகள். சந்தான் ஓடி அக்காவின் கட்டிலுக்கடியில் புகுந்தது. கதவைச் சாத்தித் தனியாக வைத்துப் பார்த்தார். வெளியே கிச்சாப் கதவைப் பிறாண்டி ஊளையிட்டது. உள்ளே சந்தான் வாயில் வழியும் எச்சிலோடு சுவரோரம் இன்னும் ஒடுங்கியது. வலிமருந்தை மட்டும் எப்படியோ வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டார்.

கிளினிக்குக்குப் போன் செய்தார். உதவியாளராக இருக்கும் வனேசா எடுத்தாள்.

"இன்னும் சாப்பிடலையா அங்கிள்? நாளைக்கும் சாப்பிடலன்னா லிவர் அடிவாங்கிரும். டிரிப் ஏத்தணும், அது தாங்குமான்னு டாக்டருக்கே தெரியல."

"அந்தக் கறுப்பன்தான் விடமாட்டேங்கிறான்மா."

"அது கிளினிக் வாசனை லா. கிச்சாப்புக்கு இப்ப இது யாரோ வேத்துப் பூனை. வீட்ல போட்டு கழட்டுன துணி, துவைக்காதது, அதால ரெண்டையும் நல்லா தடவி விடுங்க. ரெண்டுக்கும் புடிச்ச ஆள் துணியா இருக்கணும்."

"என் பனியன்ல தடவிப் பார்த்தேன். அதைப் பார்த்தும் சீறுது."

"ஐயோ அங்கிள்!" சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆன்டி துணி ஏதாச்சும் இருக்கா?"

"எல்லாம் துவைச்சு சர்ச்சுல குடுத்தாச்சு."

போனை வைத்துவிட்டு அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அலமாரியின் மேல், இறுக முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள், சர்ச்சுக்குக் கொடுக்காத ஒன்று இருந்தது, அக்கா வீட்டில் போடும் தொளதொள அங்கி, கஃப்தான். மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் அவள் கழற்றிப் போட்டது. பவுடர், வியர்வை, தாளித்த எண்ணெய் எல்லாம் கலந்த அவள் வாசனை. எப்போதாவது முடிச்சை அவிழ்த்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு உடனே கட்டிவிடுவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்திருப்பதாகத் தோன்றும். அதனாலேயே திறப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் ஒன்றாக இருந்த முப்பது வருடமும் அவள் பக்கத்தில் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கட்டிலுக்கடியில் சந்தானின் மூச்சு கரகரத்தது.

பையை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை, கிழித்தார். தரையில் படுத்து, கையை நீட்டி, சந்தானின் கன்னத்தையும் கழுத்தையும் முதுகையும் கஃப்தானால் துடைத்தார். எச்சிலும் லேசான ரத்தமும் துணியில் ஏறின. அதே துணியோடு கதவைத் திறந்து கிச்சாப்பிடம் போனார். கிச்சாப் பின்வாங்கியது. நின்றது. பிறகு துணிக்குள் முகத்தைப் புதைத்து, முன்னங்கால்களால் மாறி மாறி அழுத்தத் தொடங்கியது, அவள் மடியில் செய்வதைப் போல.

மீன் கூழை அறைக்குள் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மாலை வெயில் தரையில் நகர்ந்தது. சந்தான் முதலில் தலையை மட்டும் நீட்டியது. கிச்சாப் அருகே போய் அதன் காதை முகர்ந்தது. சீறவில்லை. பல்லில்லாத வாயால் சந்தான் தட்டை நக்கும் ஈரச் சத்தம் கேட்டது.

கஃப்தானை முகத்தருகே கொண்டுபோன சிரில், பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

கிச்சாப் அவரிடம் வந்தது. இத்தனை வருடத்தில் அது அவரிடம் வந்ததில்லை. அவர் கையை அசைக்கவில்லை. கஃப்தானின் வாசனை ஏறியிருந்த கையை அது விரல் விரலாக முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி, அவரைத் தாண்டி, திறந்திருந்த அறைவாசலைப் பார்த்தபடி காத்திருந்தது.

சிரிலும் திரும்பிப் பார்த்தார்.