பிரிஜெட் ஆன்ட்டி கொடுத்த மெசபடோமியா

பிரிஜெட் ஆன்ட்டி பக்கம் புரட்டுகிற விதத்தைப் பார்த்தாலே சிந்தியாவுக்குக் குமட்டும். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து நன்றாக ஈரமாக்கி, பக்கத்தின் மூலையில் ஒரு தேய் தேய்ப்பார். அந்தத் தடித்த புத்தகத்தின் மூலைகளெல்லாம் இப்படியே பழுப்பேறிக் கிடந்தன. நடுப்பக்கம் ஒன்றில் நசுங்கிய கரப்பான்பூச்சியின் கால் வேறு ஒட்டியிருந்தது. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சிந்தியாவுக்குத் தெரிந்தவரை, காக்ஸ் டவுனில் அந்தப் பரீட்சை எழுதிய பிள்ளை இருந்த வீடு அது ஒன்றுதான்.

பரீட்சை அமெரிக்காக்காரன் நடத்துவது. ஏ.பி. வேர்ல்டு ஹிஸ்டரி. பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூல்களில் அதற்குத் தனி வகுப்பே உண்டு. சிந்தியா ப்ளஸ் டூவுக்குப் படித்ததோ சாதாரண பி.யு. காலேஜ், அங்கே அதன் பெயரைச் சொன்னால் லெக்சரரே முழிப்பார். வெளியாளாகப் பெயரைக் கொடுத்து வேறொரு ஸ்கூலில் போய் எழுதலாம், ஆனால் படிப்பதைத் தானே படித்துக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு நாலு மார்க்காவது வாங்கினால் டிகிரிக்கு ஹிஸ்டரி, இல்லாவிட்டால் பி.காம். அப்பா ஆம்ப்ரோஸ் அவளிடம் போட்ட ஒப்பந்தம் இதுதான். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். ஹிஸ்டரி படித்தவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டால், "டீச்சர்" என்று ஏதோ தொற்றுவியாதியின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மம்மி, "டாடி சொல்றதக் கேளு" என்பதோடு போனை வைத்துவிடுவாள்.

ஆன்ட்டியின் மகன் ஷெர்வின் பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பரீட்சையை எழுதி ஐந்து வாங்கியவன், இப்போது டொரான்டோவில் இருக்கிறான். ஆன்ட்டி முப்பது வருடமாக மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவர். கேள்விக்கு நம்பர் உண்டு, பதில் உண்டு, பதிலில் ஒரு சொல் மாறக்கூடாது. ஹிஸ்டரியையும் அப்படியே எடுத்தார். நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் சிந்தியாவை நிற்க வைத்து, "ஹமுராபி யாரு?" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி ஆரம்பிப்பார். இவள் சொந்த வார்த்தையில் சொன்னால், "தப்பு. புக்ல எப்படி இருக்கோ அப்படிச் சொல்லு."

போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "நம்ம ஆம்ப்ரோஸ் பொண்ணு அமெரிக்கா எக்ஸாம் எழுதுறா. நான்தான் கோச்சிங் குடுக்கறேன்" என்பார். சிந்தியா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வாரத்துக்கு ஒரு பாடம்தான். தாண்டிப் போகக் கூடாது, "ஃபவுண்டேஷன் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்பது கட்டளை. சுமேரியா, எகிப்து, ஹரப்பா, ரோம் என்று மார்ச் வரை நெட்டுருப் போட்டு ஐந்து லாங் நோட்டை நிரப்பினாள்.

பி.யு. பரீட்சை முடிந்த வாரம், அவள் எழுதப்போகிற ஸ்கூலிலிருந்து மெயில் வந்தது. லேப்டாப் கொண்டுவர வேண்டும், இந்த ஆப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும், உள்ளே மாதிரிப் பரீட்சை இருக்கிறது, எழுதிப் பாருங்கள். கையால் எழுத வேண்டாம், எல்லாமே டைப் அடிப்பது என்பதே முதல் அடி. கூடப் படித்த மகாவின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். முதல் கேள்வி மங்கோலியர்கள். அடுத்தது மாலி தேசத்து ராஜா. ஐம்பத்தைந்து கேள்வியையும் பார்த்து முடித்தாள். ஹமுராபி இல்லை, பிரமிடு இல்லை, ரோமாபுரி இல்லவே இல்லை. பரீட்சையின் வெப்சைட்டைத் திறந்தாள். முதல் வரியிலேயே போட்டிருந்தது: கி.பி. 1200 முதல் இன்றுவரை.

ஆன்ட்டியின் புத்தகத்தை எடுத்து முதல் தாளைப் பார்த்தாள். 2015-இல் அச்சடித்தது. பாடத்திட்டம் மாறியே பல வருடம் ஆகியிருந்தது. நாலு மாதமாக அவள் உயிரைக் கொடுத்துப் படித்ததில் ஒரு வரிகூட பரீட்சையில் வராது.

ஆன்ட்டி மேல் வந்த எரிச்சலைவிடத் தன் மேல் வந்த அருவருப்புதான் பெரிதாக இருந்தது. அந்தப் பரீட்சையில் ஏழு ஆவணம் கொடுப்பார்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்காக எழுதியது என்று கேட்டுக் கேட்டுத்தான் கட்டுரை எழுத வேண்டும். புத்தகத்தோடு வந்த ஷெர்வினின் பழைய தாள்களை வைத்து அதை அவள் பதினைந்து தடவை பழகியிருந்தாள். கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து எப்போது அச்சடித்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. பெரியவர்கள் கொடுத்தால் அது வேதம்! இவள் ஹிஸ்டரி படித்துக் கிழிக்கப்போகிறாளாம். தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கெபியடியில், அப்பாவும் கூட நிற்க, ஆன்ட்டியிடம் சொன்னாள். ஆன்ட்டி பதறுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

"ஆமாமா, ஷெர்வின்கூடச் சொன்னான். சிலபஸ் மாறிடுச்சு மம்மி, அந்த புக்கை யாருக்கும் குடுக்காதேன்னு. நான்தான் நெனச்சேன், ஹிஸ்டரின்னா நடந்து முடிஞ்சதுதானே, அது எப்படி மாறும்?"

"தெரிஞ்சே குடுத்தீங்களா ஆன்ட்டி?"

"பாத்தீங்களா ஆம்ப்ரோஸ், உங்க பொண்ணு பேசுறத!"

ஆம்ப்ரோஸ் மகளின் முழங்கையைப் பிடித்தார். "ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லு. எத்தனை சண்டே உனக்காக நின்னிருக்காங்க."

சிந்தியா சாரி சொன்னாள். அந்தச் சொல் வாந்திபோலத்தான் வெளியே வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆம்ப்ரோஸ் வழியில் பேக்கரியில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கேட்காமலே முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். "சும்மா" என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடத்துச் "சும்னே"தான். "சும்னே எதுக்கும்மா டென்ஷன்? ஆறு வாரத்துல என்ன பண்ண முடியும்? விட்டுடு. பி.காம் ஃபார்ம் வீட்லதான் இருக்கு." சொல்லிவிட்டு ஒரு பாட்டை முணுமுணுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் சந்தோஷமாக இருந்தார். மகள் தோற்றால் நிம்மதி என்று பஃப்ஸ் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுகிறார். வாயில் வைத்த கடியை அவளால் விழுங்க முடியவில்லை. காகிதத்தில் துப்பிச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"எழுதுறேன் டாடி" என்றாள்.

ஆறு வாரத்தில் எண்ணூறு வருடம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் தேதியைப் பார்த்தாள், அப்புறம்தான் படித்தாள். இலவசமாகக் கிடைத்த வீடியோக்களைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்தாள். இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தவள் எட்டு விரலுக்கு வந்தாள். படித்த விஷயமும் லேசுப்பட்டதாக இல்லை. சர்க்கரை விளைவிக்க மனிதர்களைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிக் கொண்டுபோன கணக்கு, அபினி விற்பதற்காக நடத்திய யுத்தம் என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஒவ்வொன்றையும் செய்தவன் அது எல்லோருடைய நன்மைக்கும் என்று எழுதி வைத்திருந்தான். அந்தத் தொனி அவளுக்குப் பழக்கமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த நிமிடமே வீட்டுக்குக் கிளம்பினாள். பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஆன்ட்டி ஊரெல்லாம் சொன்னார்.

மே மாதம் ஆம்ப்ரோஸ்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். எழுதினாள். ஜூலையில் ரிசல்ட் வந்தது. ஐந்து.

ஆம்ப்ரோஸ் முதலில் செய்த காரியம் பிரிஜெட் ஆன்ட்டிக்குப் போன் போட்டதுதான். "எல்லாம் நீங்க போட்ட ஃபவுண்டேஷன்க்கா!" என்று ஹாலில் நின்று குரலில் தேன் ஒழுகச் சொன்னார். சிந்தியா அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"ஹிஸ்டரி சேரணும் டாடி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பி.காம் அட்மிஷன் மே மாசமே போட்டுட்டேனேம்மா."

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"உன்னை எக்ஸாமுக்கு விட்டேனே, அன்னிக்கு. மூணு மணி நேரம் சும்னே நிக்கறதுக்கு பதிலா அப்படியே காலேஜுக்குப் போய் முடிச்சுட்டு வந்தேன்."

உள்ளே அவள் எட்டு விரலால் உயிரைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் வெளியே அந்த உயிருக்கு வேறு விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீ என்று போயிற்று அவளுக்கு.

ஆம்ப்ரோஸ் அவள் தோளைத் தட்டினார். "நீயே யோசிச்சுப் பாரு. டீச்சர் இல்ல, கோச்சிங் இல்ல, தனியாப் படிச்சு அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டே. அப்புறம் ஹிஸ்டரிக்கு எதுக்கு காலேஜ்? அதான் வீட்ல உக்காந்தே படிச்சுக்கறியே!"

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஆன்ட்டிக்குத் தூக்கிக் கொடுத்த பெருமையை, தேவை வந்ததும் கூச்சமில்லாமல் பிடுங்கி இவள் கையில் திணித்தார். அந்தக் கூச்சமின்மைதான் அவளைப் பேச வைத்தது.

"சரி டாடி. அப்ப பி.காமை வீட்ல உக்காந்து படிச்சுக்கறேன்" என்றாள். "பிரேசர் டவுன் காலேஜ்ல சனிக்கிழமை வரைக்கும் ஹிஸ்டரிக்கு ஃபார்ம் குடுக்கறாங்க. என் மார்க்ஸ் கார்டு வேணும். பீரோ சாவியக் குடுங்க."

கையை நீட்டினாள். ஆம்ப்ரோஸ் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.