கிரிதரன் கொடுத்த தேதி

வாங்க தாயி, அந்த விசிறியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பங்கு வாங்கி ஏமாந்த கதை ஊரில் நிறைய உண்டு. நான் சொல்லப்போவது, விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஒருவனின் கதை.

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் கிரிதரன் பங்கு வாங்கி விற்றுக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தான். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. வாய் இனிக்கப் பேசுவான். இரண்டாயிரமாவது வருடம் தை மாதம், செக்கானூரணி விவசாயி காளை, ரோட்டோர இடத்தை விற்ற தொண்ணூறாயிரத்தோடு வந்தார். கூடவே அவர் மனைவி அன்னக்கொடி. கிரிதரன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நூறு பங்கு வாங்கிக் கொடுத்தான். நல்ல கம்பெனிதான், அதில் தப்பில்லை. "பத்து வருசம் கைய வைக்காதீங்க" என்றதோடு நிறுத்தியிருக்கலாம்.

படியிறங்கும்போது காளை கேட்டார்: "எப்பத் தம்பி ரெட்டிப்பாகும்?"

"அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள ஆயிரும்ணே."

நம் ஊரில் எந்த வாக்குக்கும் அந்த நாள்தானே எல்லை? வெள்ளையடிப்பதும் அதற்குள், புதுச்சேலை எடுப்பதும் அதற்குள். பங்குச் சந்தைக்குச் சித்திரைத் திருவிழா தெரியுமா?

தொள்ளாயிரத்துக்கு வாங்கிய பங்கு மாசியில் ஆயிரத்தைந்நூறு ஆனது. காளை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். திருவிழா முடிந்தபோது அது அறுநூறில் கிடந்தது. மறுவாரம் இருவரும் மாடியேறி வந்தார்கள்.

"தம்பி, அழகர் மலைக்கே திரும்பிட்டாரு. எங்கடா ரெட்டிப்பு?"

"சந்தையே படுத்துருச்சுண்ணே."

"படுத்தா எழுப்பு! என்னையப் பாத்தாலே, 'கம்ப்யூட்டரு வாராரு'ன்னு டீக்கடையில சிரிக்கிறாய்ங்க. எல்லாத்தையும் வித்துரு. இல்லே, அடுத்த அழகருக்காவது ஆயிரும்னு சொல்லு, வச்சுக்கிர்றேன்."

'ஆயிரும்' என்ற சொல் கிரிதரனின் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் காளை நிம்மதியாகப் போய்விடுவார். சொல்லாவிட்டால் முப்பதாயிரம் நட்டத்துக்கு விற்றுவிட்டு, செக்கானூரணி முழுக்க அவன் பெயரை நாறடிப்பார்.

"தெரியாதுண்ணே" என்றான். "அப்பவும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னது என் தப்பு. கம்பெனிக்கு வேலை நல்லாத்தான் வருது. ஆனா வெல இன்னமும் எறங்கலாம். அதுக்கு நாள் குறிக்க என்னால ஆகாது."

"கேட்டியா இவன் பேச்ச!" என்று காளை எழுந்துவிட்டார்.

அன்னக்கொடி அசையவில்லை. "இருங்க. இனிப்பாப் பேசுனப்ப நம்புனீக. இப்பத்தான் தம்பி நெசத்தச் சொல்லுது, இப்பப் போயி கெளம்புறீகளே?"

கிரிதரன் அவளிடம் திரும்பினான். "அக்கா, இந்தப் பணம் எதுக்கு? எப்ப வேணும்?" தை மாதமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"கெணத்த ஆழப்படுத்த முப்பதாயிரம், ஆடிக்குள்ள. பாக்கி எங்க மக சத்யப்ரியா காலேசுக்கு. அவ இப்பத்தான் ஆறாவது."

"கெணத்துப் பணம் இங்க வந்திருக்கவே கூடாதுக்கா. அம்பது பங்க இன்னைக்கே வித்துருவோம். நட்டந்தான். மத்த அம்பதத் தொட வேணாம், அதுக்கு வருசம் கெடக்கு. ஆனா கூடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

காளை மறுபடி உட்கார்ந்தார். "டீக்கடையில கேட்டா என்னத்தச் சொல்ல?"

"கெணறு வெட்டுறோம்னு சொல்லுங்க" என்றாள் அன்னக்கொடி.

அடுத்த வருடம் பங்கு முந்நூறுக்கு வந்தது. காளை வரவில்லை. கிரிதரனே பஸ் ஏறி அவர் வயலுக்குப் போனான். விலையைச் சொன்னான். கம்பெனி அந்த வருடமும் லாபம் காட்டியிருப்பதைச் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

காளை மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். 'எப்ப?' என்று வாய் திறப்பாரோ என்று கிரிதரன் காத்திருந்தான்.

"இம்புட்டு வெயில்ல இதச் சொல்லவா வந்த?" என்றார் காளை. "பங்கு கெடக்கட்டும். வா, சாப்புட்டுப் போவ."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும் தாயி. கெட்ட சேதியையும் முகத்துக்கு நேரே வந்து சொல்லும் மனிதர்கள் உங்கள் வாசலுக்கு வாய்க்கட்டும். அவர்களுக்கு ஒரு வாய் சோறு போட உங்கள் உலையில் எப்போதும் அரிசி கொதிக்கட்டும்.