சாரதாதேவி ஓடாத காட்சி

சாரதாதேவியின் மரக்கறிக் கடைக்குள் ஸ்பானியப் பொலிஸ் வரப்போகிறது என்ற செய்தி, பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பல் முழுவதும் ஒரே நாளில் பரவிவிட்டது. உண்மைப் பொலிஸ் அல்ல, தொலைக்காட்சிப் பொலிஸ். மட்ரிட்டில் எடுக்கிற ஒரு சிரிப்புத் தொடர், 2010இல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதன் இரண்டாவது பாகத்தில் வைர அட்டியல் ஒன்றைத் திருடிய கள்ளன் பாரிசுக்கு வந்துவிடுகிறான். அவனைத் துரத்திக்கொண்டு ஒரு மொக்கு இன்ஸ்பெக்டர் இந்தக் கடைக்குள் நுழைவார். அவரைக் கண்டதும் கடையில் நிற்கிற தமிழர் எல்லோரும் விசா இல்லாதவர்கள்போலப் பின்கதவால் சிதறி ஓடவேண்டும். அந்தக் கலவரத்தில் கள்ளனும் தப்பிவிடுவான். ஸ்பெயின் நாடே வயிறு குலுங்கச் சிரிக்கும் என்று கதை எழுதியவர் நம்பியிருந்தார்.

சாரதாதேவியின் கணவர் தில்லையம்பலம் தலைக்கு மை பூசி, கலியாணவீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீடிருக்கிற புறநகரான பியர்ஃபித்திலிருந்து முதல் ரயிலிலேயே வந்திறங்கிவிட்டார். கத்தரிக்காய் வாங்க வருகிறவர் கோட்டுப் போடுவாரா என்று கேட்க அங்கே ஆளில்லை. லிசே என்கிற உயர்பள்ளியில் படிக்கிற மகள் துஷாந்தி கூட்டாளிகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வழக்கமாக வருகிற வாடிக்கையாளர்களே வாடிக்கையாளர்களாக நடிக்க நின்றார்கள். இயக்குநர் யோன் ஸ்பெயினின் பிரெஞ்சு எல்லைப்புறத்துக்காரர், அதனால் பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். பொலிஸைக் கண்டால் ஓடுங்கள், அவ்வளவுதான் என்றார். சாரதாதேவியின் முகம் கறுத்தது. அவள் வாய் திறப்பதற்குள் கமரா ஓடத் தொடங்கிவிட்டது.

கதவை உதைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வேடக்காரர் நீக்கிலாஸ் பாய்ந்து வந்து, பொலிஸ் என்று கத்தினார். ஒருவரும் ஓடவில்லை. கடையில் நின்ற அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் சட்டைப்பைக்கும் கைப்பைக்கும் போயின. அத்தனை பேரும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திய வதிவிட அனுமதி அட்டையை, அவர்கள் வாயில் வெறும் 'காட்', எடுத்து நீட்டினார்கள். தில்லையம்பலம் ஒருபடி மேலே போய், விலாசத்துக்கு அத்தாட்சியாகக் கரண்ட் பில்லையும் சேர்த்து நீட்டினார். பழகின கை, நடிப்பென்று அதற்குத் தெரியுமா? சாரதாதேவியின் கையிலும் காட் இருந்தது.

யோன் முதலில் சிரித்தார். பிறகு எரிச்சலோடு, காட்டெல்லாம் வேண்டாம், ஓட்டம்தான் வேண்டும் என்றார். எல்லோரும் வெட்கத்தோடு தலையாட்டினார்கள்.

"நான் ஓட மாட்டன்," என்றாள் சாரதாதேவி.

"இஞ்சாரும், பகிடிக்குத்தானே. பின்கதவு மட்டும்தானே," என்று தில்லையம்பலம் கெஞ்சினார்.

"பின்கதவு மட்டுமெண்டாலும் ஓட்டம் ஓட்டம்தான். இது என்ரை கடை."

அப்படியானால் அடுத்த தெருவில் வேறு கடை பார்க்கிறேன் என்றார் யோன். விளக்குகளைக் கவனமாகக் கழற்றுங்கள், முருங்கைக்காய் முறிந்துவிடும் என்று அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். தில்லையம்பலத்தின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இதென்ன மானக்கேடு என்று துஷாந்தியும் பிரெஞ்சில் முணுமுணுத்தாள். அந்தச் சொல்தான் தாயைச் சுட்டது.

மகளுக்கு இதுவரை சொல்லாத ஒன்றை அவள் அப்போது சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம், கையில் காட் இல்லை. மெத்ரோப் படியில் பொலிஸ் சோதனை. அவள் ஓடினாள். ஒரு சப்பாத்து படியிலேயே கழன்று விழ, ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிப்போய் ஒரு சலவைக்கடையில் இயந்திரங்களுக்குப் பின்னால் இருட்டும்வரை குந்தியிருந்தாள். பயம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. வெட்கம்தான் இன்றுவரைக்கும் போகவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியாகி, மேன்முறையீடு செய்து, காட் கைக்கு வந்த அன்று அவள் நேர்த்தி வைப்பதுபோல ஒன்றை மனதில் முடிந்துகொண்டாள். இனி எந்தப் பொலிஸ் வந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பது.

"உன்ரை கூட்டாளியள் நான் ஓடுறதையோ பாக்க வேணும், பிள்ளை?"

துஷாந்தி நேரே யோனிடம் போய், அம்மா நிற்பா, விருப்பமென்றால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள் என்று படபடவென்று பேசிவிட்டு வந்தாள். வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது, யோனுக்கும் வேறு வழியில்லை. சரி, அந்த அம்மா நிற்கட்டும், மற்றவர்கள் ஓடட்டும் என்றார்.

கமரா ஓடியது. நீக்கிலாஸ் பாய்ந்து வந்து கத்தினார். சாரதாதேவி கல்லாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓடவேண்டிய துஷாந்தி வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். பின்கதவை நோக்கித் திரும்பியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தில்லையம்பலம் மட்டும் இரண்டு அடி ஓடி, தனியாக ஓடுவது சரியில்லை என்று கண்டு திரும்பி வந்தார். ஓடக் கூட்டமில்லாத கள்ளன் வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் முழித்துக்கொண்டு நின்றான்.

நீக்கிலாசுக்கு வசனம் தீர்ந்துபோய்விட்டது. தெரிந்த ஒரே பிரெஞ்சு வசனத்தைத் திரும்பச் சொன்னார்: பொலிஸ்.

சாரதாதேவி கையை நீட்டினாள். ஆறுதலாக, பிரெஞ்சிலேயே கேட்டாள்.

"பொலிஸ் எண்டால், முதலிலை உங்கட காட்டைக் காட்டுங்கோ."

மொழி விளங்காவிட்டாலும் நீட்டிய கை விளங்க, அவர் மேற்சட்டைப்பையைத் தடவினார். உள்பையைத் தடவினார். காற்சட்டையின் பின்பக்கத்தைத் தடவினார். உடுப்புக் கொடுத்தவர்கள் அட்டை கொடுக்க மறந்திருந்தார்கள். அந்தத் தடவல் எப்படிப்பட்டதென்று கடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும், நெற்றியில் வேர்ப்பதுகூட அப்படியேதான் இருந்தது. யாரோ களுக்கென்று சிரிக்க, கடையே சிரித்தது. நீக்கிலாஸ் பின்வாங்கி, கத்தரிக்காய்ப் பெட்டியில் தடக்கி, பெட்டியோடு விழுந்து, எழும்பி, வந்த வாசலாலேயே தெருவுக்கு ஓடினார். சாரதாதேவிக்கு நெஞ்சுக்குள் எதுவோ அவிழ்ந்ததுபோல இருந்தது. அவளும் சிரித்தாள்.

யோன் வெகுநேரம் கமராவை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னபோது அவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே நீக்கிலாஸ் முழங்காலைத் தேய்த்தபடி, உள்ளே வரலாமா என்று கண்ணாடிக் கதவைத் தட்டினார். துஷாந்தி தாயைப் பார்த்தாள்.

"வரட்டும்," என்றாள் சாரதாதேவி. "காட்டோடை வரச் சொல்லு."