பதினான்கு கேள்விக்குறிகள்

லியாகத் அலி பாய் எட்டாவது முறையாக வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இன்னா எழிலு, ஓடிச்சா?"

"ஓடல பாய்."

எழில்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடினால் இவள் சொல்லமாட்டாளா? ராயபுரத்து முட்டுச்சந்தில் மூன்று மேசை போட்ட ஏற்றுமதி ஏஜென்சி அது. உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். அந்த இடத்தில் முதலாளி வேறு பின்னால் நின்று மூச்சு விட்டால் யாருக்குத்தான் கை ஓடும்?

விஷயம் இதுதான். கப்பல் கம்பெனிக்காரன் கன்டெய்னர் லிஸ்டை இனிமேல் மெயிலில் வாங்கமாட்டானாம். அவன் கொடுக்கிற புது புரோகிராமை ஏற்றி, அதன் வழியாகத்தான் அனுப்பவேண்டுமாம். அந்த புரோகிராமுக்குப் பட்டனும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாகக் கட்டளை அடிக்கவேண்டும். நான்கு மணிக்குள் லிஸ்ட் போகாவிட்டால், இரண்டு கன்டெய்னர் இறாலுக்கு நாளைக் கப்பலில் இடமில்லை. "இத மட்டும் ஓட வச்சிட்டீன்னா உன்ன பர்மனென்ட் ஆக்கிடறேன்" என்று பாய் காலையில் சொல்லியிருந்தார். ட்ரெயினியாகச் சேர்ந்து மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டே நாள்.

முதலில் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது, லினக்ஸில் ஓடுவது. ஒரே ஒரு வரி அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தாள், டீ ஆறுவதற்குள் ஏறிவிட்டது. அப்பாடா என்று லிஸ்டை அனுப்பப் போனால், பாயின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்றது. அந்தக் கையெழுத்து, பென்டிரைவ் மாதிரி ஒரு குச்சிக்குள் இருந்தது. செருகினாள். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பாய் தன் மகள் உமைமாவின் மேக் லேப்டாப்பை வீட்டிலிருந்து எடுத்துவந்தார். அங்கே கட்டளையே வேறு. புரோகிராமை எழுதியவர் யாரென்று தெரியாது, திறக்கமாட்டேன் என்று அது பிகு பண்ணியது. உமைமாவுக்கு போன் போட்டுப் பாஸ்வேர்டு வாங்கி, செட்டிங்ஸுக்குள் புகுந்து, கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினாள். ஏற்றிய பிறகுதான் பார்த்தாள், குச்சியைச் செருக அதில் தோதான ஓட்டையே இல்லை.

"இம்மாம் பெரிய கம்பெனிக்காரன், ஒரு ஓட்ட வைக்கக் கூடாதா?" என்றார் பாய்.

மிச்சம் இருந்தது பாயின் விண்டோஸ் கம்ப்யூட்டர். குச்சி வேலை செய்கிற ஒரே இடம். அதனோடுதான் பதினொரு மணியிலிருந்து மல்லுக்கட்டு. பாதி வரை ஏறும், பிறகு 'இந்த ஃபோல்டர் இல்லை' என்று சிவப்பு எழுத்தில் நின்றுவிடும். அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். ஆன்ட்டிவைரஸை நிறுத்தினாள். கப்பல் கம்பெனியின் உதவி எண்ணில் இருபது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருத்தி வந்து, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?" என்றாள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

மணி மூன்று பத்து. சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

"இன்னா எழிலு..."

"கொஞ்ச நேரம் போய்க் குந்துங்க பாய்! தலமேல நின்னுகினு இருந்தா நான் இன்னாதான் பண்றது?"

கத்தியே விட்டாள். பாய் போய் உட்கார்ந்தார். போச்சு, வேலையும் போச்சு. அழுகை முட்டிக்கொண்டு வர, அந்தச் சிவப்பு வரியையே வெறித்தாள். ஃபோல்டர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். ஏதோ குப்பை என்று காலையிலிருந்து நூறு தடவை தாண்டிப் போயிருந்தாள். இப்போது பார்த்தால் அவை மூன்று கூட்டமாக நின்றன. ஏழு, பிறகு மூன்று, பிறகு நான்கு.

கம்ப்யூட்டருக்கு எழுத்து, கொக்கி, கால், புள்ளி எல்லாமே தனித்தனி. விரல்விட்டு எண்ணினாள். லியாகத். அலி. பாய்.

அடிப்பாவி! அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். வேலை கேட்டு வந்த அன்று, "இந்தப் புது கம்ப்யூட்டர செட் பண்ணிக் காட்டு, பாக்கலாம்" என்றார் பாய். அவர் மனதைக் குளிரவைக்க, பெயர் கேட்ட இடத்தில் அவர் பெயரைத் தமிழில் அடித்தாள்; கம்ப்யூட்டர் அதே பெயரில் உள்ளே ஒரு ஃபோல்டரும் திறந்துகொண்டது. முகமெல்லாம் பல்லாக அப்போதே வேலை கொடுத்தார். அன்றிலிருந்து ஆபீசுக்கு வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம், "பாத்தியா தோஸ்து, என்னப் பேரு சொல்லிக் கூப்புடுது" என்று காட்டாத நாளில்லை. இந்தப் பாழாய்ப்போன புரோகிராமுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை.

"தப்பு என்னுது பாய்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பாய் திரையை உற்றுப் பார்த்தார். "என் பேரு அதுக்குக் கேள்விக்குறியா?" குரல் இறங்கிப்போயிருந்தது. "சரி, பேர மாத்திடு."

"இத மாத்தினா வெளியதான் மாறும் பாய், உள்ள ஃபோல்டர் மாறாது. இங்கிலீஷ்ல வேற பேரு போட்டு, புதுசா ஒரு கணக்கு தொறக்கணும்."

"உன் பேரப் போடு. அந்தக் கறுப்பு ஸ்கிரீன நானா தொறக்கப் போறேன்?"

ஐந்து ஆங்கில எழுத்தில் எழில் என்று அடித்தாள். மூன்றே நிமிடத்தில் ஏறியது. குச்சி மினுக்கியது, கையெழுத்து விழுந்தது. மூன்று நாற்பத்தேழுக்கு லிஸ்ட் வந்து சேர்ந்ததாகப் பதில் வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். இதற்கா ஒரு நாள் பொழுது!

ஆனால் பாயின் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

"பாய், வெளிய தெரியற பேர மட்டும் திரும்ப உங்க பேரா தமிழ்ல மாத்திடறேன். ஃபோல்டர் என் பேருல இருந்தா போதும், ஓடும்."

"அப்ப உன் பேரு?"

"அது உள்ள கீது. யாருக்கும் தெரியாது."

"மூணு மாசமா அப்பிடித்தான கீற?" பாய் குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உன் பேரே மேல இருக்கட்டும், தமிழ்லயே போடு. போட்டுட்டு, பர்மனென்ட் லெட்டர அடிச்சி எடுத்துனு வா. பேனாவுல கையெழுத்துப் போடறேன். அதுக்கு எந்தக் குச்சியும் வாணாம்."