பளனியம்மாளின் கையெழுத்து

பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். மணமகளின் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போடுவதா வேண்டாமா என்று அச்சகத்துக்காரர் மூன்று தடவை போனில் கேட்டுவிட்டார்.  மணமகளின் அப்பா பழனிக்குமார் ஐம்பத்துமூன்று வயது ஆள், திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். தன் அப்பா உயிரோடு இருக்கிறாரா, செத்துவிட்டாரா என்று சொல்லத் தெரியாமல் முழித்தான்.

அப்பா மொக்கைச்சாமி பட்டாளத்துக்காரர். எழுபத்தொன்றாம் வருடச் சண்டைக்குப் போனவரைக் காணவில்லை என்று கடுதாசி வந்தது. அப்போது பழனிக்குமார் வயிற்றில் இருந்தான். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். காணாமல் போனவர் வந்துவிடுவார் என்பது அம்மா பழனியம்மாளின் ஒரே பேச்சு. எழுபத்துமூன்று வயதிலும் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் தாலி, கொண்டையில் பூ. உறவில் சடங்கு, வளைகாப்பு என்றால் நலங்கு வைக்க முதல் ஆளாகப் போய் நிற்பாள். பழனிக்குமாரின் சொந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் 'திரு. கரு. மொக்கைச்சாமி (இராணுவம்)' என்றுதான் அடித்திருந்தார்கள்.

அவனுக்குக் காத்திருப்பது பழக்கமாகிப் போனது. பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே என்று கேட்டால் வந்துகொண்டிருக்கிறார் என்பான். பேருந்து நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, தகரப்பெட்டியோடு கிழவர் எவராவது இறங்கினால் முகத்தைப் பார்க்காமல் விடமாட்டான். முப்பது வருடத்தில் இரண்டு பேரிடம் போய்ப் பெயரே கேட்டிருக்கிறான். ஒருவர் உனக்கென்ன பைத்தியமா என்றார். மற்றவர் பயந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆடி அமாவாசைக்கு ஊரே செத்துப்போன அப்பாக்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும். இவன் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும்.

இப்போது மகள் தமிழ்மதிக்குக் கல்யாணம். பல மாதத்துக்கு முன்பு பெண் பார்க்க வந்தபோதே சம்பந்தி வீட்டார் நயமாகத்தான் கேட்டார்கள். தாத்தா இருக்கிறாரா என்று. அந்தக் கேள்வி அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நியாஸிடம் போய்ச் சொன்னான். நியாஸ் பள்ளிக்கூட சிநேகிதன், ஆங்கிலம் நன்றாக வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இராணுவத்துக்கு மனு எழுதிக் கொடுத்தான். அப்படி ஒரு ஆளே பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார்கள். மறுபடியும் இல்லை.

மூன்றாவது முறை நியாஸுக்குப் பொறி தட்டியது.

"வடக்கத்தியானுக்கு நம்ம இனிஷியலு எங்க மாப்ள வெளங்கப்போவுது? உங்க தாத்தா பேரத் தூக்கி உங்கப்பாவுக்கு வச்சிருப்பான். கருப்புசாமின்னு கேட்டுப் பாப்பம்."

அப்படித்தான் இருந்தது. ஐம்பத்துநான்கு வருடமாக மொக்கைச்சாமி அவருடைய அப்பா பெயரில் ஒரு கோப்புக்குள் கிடந்திருக்கிறார். பதினோரு பக்கம் நகல் வந்து சேர்ந்தது. நியாஸ் கடைக்கு வந்தவர்களைச் செத்த நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலில் தமிழ் எழுதினான். முதல் பக்கம் எழுதும்வரை கிண்டலடித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பக்கத்தில் வாய் மூடிப்போனது.

"மாப்ள, உங்கப்பா காணாமப் போகல."

1971 டிசம்பர் ஒன்பது, அதிகாலை நாலரை மணி. எதிரியின் குண்டுபட்டு மரணம். உடல் அடையாளம் காணப்பட்டது. காணவில்லை என்ற சொல் பதினோரு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

 பழனிக்குமாருக்கு அழுகை வரவில்லை. பட்டாளத்தான் தவறாகக் கடுதாசி போட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தான். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று வழக்குப் போடலாமா என்றுகூடக் கேட்டான். நியாஸ் நான்காம் பக்கத்தைத் திருப்பி வைத்தான். மரணச் செய்தி பதிவுத் தபாலில் போயிருக்கிறது. கிடைத்ததற்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. 1972 ஜனவரி. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து: பளனியம்மாள்.

வேறு யாராவது போட்டிருக்கலாம் என்றான் நியாஸ். பழனிக்குமார் அந்த 'ள' மேல் விரலை வைத்தான். ரேஷன் கடையில், பேங்கில், பேத்தியின் பள்ளிக்கூட நோட்டில் அம்மா இன்றுவரை அப்படித்தான் போடுகிறாள். ஏழு வயதில் இவனே சிலேட்டில் 'ழ' எழுதிக் காட்டியிருக்கிறான். வாயில் வருவதைத்தானே எழுத முடியும், பளனியைப் பளனி என்றுதானே சொல்கிறோம் என்று மறுத்துவிட்டாள். வேறு யார் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 'ழ' போட்டிருப்பார்கள்.

அதற்கடுத்த பக்கங்கள் மூன்று கடிதங்கள், அவற்றின் உறைகளோடு. மூன்று உறையிலும் ஒரே கை தமிழில் எழுதியிருந்தது: 'வாங்க மறுத்தார்.' கீழே ஊர்த் தபால்காரர் பொம்மையனின் சுருக்கொப்பம்.

பழனிக்குமாரின் மனைவியும் மகளும் முகூர்த்தப் புடவை எடுக்க மதுரைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் பழனியம்மாள் மட்டும் முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் நான்காம் பக்கத்தைக் கீரை மேல் வைத்தான்.

"ஆத்தா, இது யாரு கையெழுத்து?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஏங்கையெழுத்துதான்."

மறுப்பாள், அழுவாள், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.  செருப்புக் காலோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

அவளே சொன்னாள். போன வாரம் பெய்த மழையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள். மல்லிகைத் தோட்டத்துக்கே தேடி வந்து கடுதாசியைக் கொடுத்தார் பொம்மையன். அதைப் பிரித்துப் படித்ததும் அவர்தான்.  பூப்பறிக்கிற மற்ற பெண்கள் நாலு பாத்தி தள்ளி நின்றார்கள்.

"காணோம்னு படிண்ணேன்னு சொன்னேன். அந்த மனுசன் என்னையவே பாத்தாரு. அவளுகளுக்குக் கேக்குற மாதிரி, காணோம்னு படிண்ணேன்னு சொன்னேன். படிச்சாரு."

புருஷனின் அக்கா ஒருத்தி ஏற்கெனவே அந்த வீட்டு மூலையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். ஒருவேளைச் சாப்பாடு, நல்லது பொல்லதுக்கு வாசலில்கூட நிற்கக் கூடாது. அவள் பக்கத்தில் போய் உட்காரத் தனக்கு மனசில்லை என்றாள் பழனியம்மாள். பின்னால் வந்த கடிதங்களை வாங்கினால் ஒன்றிலாவது பேச்சு வெளியே போய்விடும், அதனால் வாங்கவில்லை. பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும், அதுவும் வேண்டாமென்று நாற்பது வருடம் கூலிக்குப் பூப்பறித்தாள். ஒருமுறை பட்டாளத்து ஜீப்பே வந்தது. ஊர் எல்லையிலேயே மறித்துப் பேசி அனுப்பிவிட்டாள்.

"சரி, அது நீ. நான்? நான் எதுக்கு ஆத்தா பஸ் ஸ்டாண்டுல கண்டவன் மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்?"

"வரப்போற அப்பன் இருந்தாருல்ல ஒனக்கு. செத்தவர வச்சு என்னலே செஞ்சிருப்ப?"

"திதி குடுத்திருப்பேன்."

அவள் கீரைக் காம்பை ஒடித்தாள். அதற்குமேல் அவள் பேசாதது அவனுக்கு வெறியைக் கிளப்பியது. இவளுக்கு உறைக்கவே உறைக்காதா? மீதித் தாள்கள் அவன் கையில் இருந்தன. அவற்றில் என்ன இருக்கிறதென்று நியாஸ் எழுதிக் கொடுத்திருந்தான். படிக்காமல் மடித்து வைத்துவிடலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தும், அவளுக்கு வலிக்க வேண்டும் என்றே படித்தான்.

முதல் கடிதம்: தங்கள் கணவரின் உடல், உடன் இறந்த ஆறு பேரோடு ஆற்றங்கரையில் தகனம் செய்யப்பட்டது. அஸ்தி தனியாக, பெயரிட்டு, படைப்பிரிவில் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது. நேரில் வர முடியுமா, ஆள் மூலம் அனுப்பட்டுமா எனத் தெரிவிக்கவும்.

இரண்டாம் கடிதம்: பதில் வரவில்லை. அஸ்தியைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தரத் தயாராக இருக்கிறோம்.

மூன்றாம் கடிதம்: பதில் இல்லாததால் அஸ்தி அதே ஆற்றில் கரைக்கப்பட்டது. வருந்துகிறோம்.

பழனியம்மாளின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது. இத்தனை வருடம் எல்லாம் தெரிந்தவளாக இருந்தவளுக்கு இது தெரியாது.

"வீட்டுக்கே கொண்டாறேன்னானுகளா?"

"ஆமா."

"பென்சன் கடுதாசின்னுல நெனச்சேன்." முறத்தைத் தள்ளி வைத்தாள். "கடைசிக் கடுதாசி எந்த மாசம்?"

அக்டோபர் என்றான். அவள் விரல்விட்டு எண்ணினாள். அந்த மாதம்தான் உன்னைப் பளனிக்குத் தூக்கிப்போய் மொட்டை போட்டேன் என்றாள். பிறகு இரண்டாம் கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.  படித்து முடித்தான். திரும்பவும் படிக்கச் சொன்னாள். போதும் ஆத்தா என்றான். அவள் விடவில்லை.

நான்காவது தடவை படித்துக்கொண்டிருக்கும்போது அச்சகத்திலிருந்து போன் வந்தது. சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் முகூர்த்தத்துக்குள் அடித்துத் தர முடியாது, தெய்வத்திரு போடட்டுமா என்று கேட்டார்கள். போனின் சத்தம் அவளுக்கும் கேட்டது. பழனிக்குமார் அவளைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் வேண்டாமென்று சொல்லியிருப்பான்.

அவள் சொல்லவில்லை.

"போடுங்க" என்றான்.