காட்டுக்குள் நான் விட்ட பாம்பு

கரமனை ஆற்றங்கரையில் எங்கள் தெருவுக்குப் பொதுவாக இரண்டு ஏக்கர் காடு உண்டு. அங்கே வசித்த மரநாய் ஒன்றுக்கு என் மாமனாரின் முகஜாடை. நான் கூட்டிச் சொல்லவில்லை; மாமனாரே பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அயினி, இலுப்பை, ஏழிலைப்பாலை எல்லாம் யாரும் நடாமல் வளர்ந்தவை. வீட்டுக்கு ஒருவர் மாதம் ஒரு நாள் போய்ச் சுள்ளி பொறுக்கி வழி ஒதுக்குவோம். பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது. ஜுரத்தில் கிடந்து எழுந்தவர்களும், பிள்ளை பெற்று உடம்பு தேறாதவர்களும் காலையில் அங்கே போய் உட்காருவார்கள். என் மனைவி சூடாமணிக்கு இழுப்பு. வைத்தியர் நயினார் தெரிந்த கஷாயமெல்லாம் கொடுத்துச் சலித்து, "இனி அயினி மரத்தடியில போய் இருங்க மாமி, வேற மருந்து வேண்டாம், அது மதி" என்றுவிட்டார். பதினோரு வருஷம் தினமும் காலையில் போய் இருந்தாள். மூச்சு ஒழுங்காக வந்தது. மரங்கொத்தியைத் திட்டுகிற அளவுக்கு மிச்சமும் இருந்தது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, தை மாதம். யுத்தத்துக்கு மரம் வேண்டும் என்று சுவாமிதாஸ் என்ற காண்டிராக்டர் ஒரு காகிதத்தோடும் பன்னிரண்டு கோடாலிக்காரர்களோடும் வந்தார்.

"தாராளமா வெட்டுங்கோ. பாம்பு கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ" என்றேன்.

"எந்தப் பாம்பு சாமி?"

"அஞ்சு தலை. நேத்து ஆத்துலே குளிச்சிட்டுத் தலை துவட்டிண்டு இருந்தது."

முன்குடுமி வைத்திருந்ததாகச் சொல்ல நாக்கு வரை வந்தது. மிகையாகிவிடும் என்று விட்டுவிட்டேன். சுவாமிதாஸ் சிரித்தார். கோடாலிக்காரர்கள் சிரிக்கவில்லை. கோடாலிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆனால் அவர் வேறு ஆளோடு வருவார் என்று தெரு பயந்தது. ஹெட்கிளார்க் வெங்கடகிருஷ்ணன் என்னைக் காட்டி வழி சொன்னான்: "பிச்சுமணி மாமா பாம்பை விட்டாச்சு. நாம அதுக்கு ஒரு இடம் கொடுத்துடுவோம். சர்ப்பக்காவு, நாகர் குடியிருக்கற காடுன்னு ஆயிட்டா எவன் தொடுவான்?" மாசி ஆயில்யத்தன்று தந்திரி வந்து நாகக்கல் வைத்துப் பிரதிஷ்டை செய்தார். பாம்பின் நிறத்தை என்னிடம் கேட்டுத்தான் தியானித்தார். பச்சை கலந்த தங்கம் என்றேன். சுற்றிலும் வேலி. மாதம் ஒரு பூஜைக்குத் தவிர உள்ளே யாரும் மிதிக்கக்கூடாது. காடு பிழைத்தது.

மறுநாள் காலை சூடாமணி வேலிவரை போய்த் திரும்பி வந்தாள்.

"ஏன்டீ, போகலையா?"

"சர்ப்பம் இருக்கற இடத்துலே எப்படிப் போறது?"

"நான் புளுகினதுன்னு நோக்குத் தெரியாதா?"

"தெரியும். கல்யாணமான நாள்லேர்ந்து தெரியும். ஆனா மந்திரம் சொல்லி ஆவாஹனம் பண்ணியாச்சே. முன்னாடி இல்லை, இப்போ இருக்கு. சாவித்ரி வேற மசக்கையோட வந்திருக்கா. நான் மிதிச்சு அவ குழந்தைக்கு ஒண்ணு வந்தா, நீங்களா பதில் சொல்லுவேள்?"

சாவித்ரி எங்கள் மகள். நாகதோஷம் பிள்ளையைத்தான் பிடிக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. தெருவைக் கூட்டி உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வேலி போகும். அடுத்த வாரமே கோடாலி வரும். அவள் உட்கார மரம் இருக்காது. வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

பங்குனியில் இழுப்பு திரும்பியது. கட்டிலைப் பின்கட்டு ஜன்னலோரம் போட்டேன். அங்கிருந்து அயினியின் உச்சி தெரியும், காற்று வராது. நயினார் வந்து பார்த்துவிட்டு, "மாமியைக் காட்டுக்குக் கொண்டு போங்க சாமி" என்றார். இரண்டு முறை தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடியில் சாவித்ரிக்குப் பெண் பிறந்தது. ஒரு குறையும் இல்லை. சூடாமணி அதன் கைவிரலை, கால்விரலை எல்லாம் எண்ணினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது.

"பாத்தேளா, நான் மிதிக்கலை. அதான் நன்னா இருக்கு."

"உன்னாலேதான்" என்றேன்.

ஆவணி முதல் வாரத்தில் போய்விட்டாள்.

காடு அப்படியே இருக்கிறது. மரநாய்கள் பெருகிவிட்டன. தெருவில் இழுப்புக்காரர்கள் இன்னும் மூன்று பேர் உண்டு. தினமும் காலையில் வந்து, வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, இருமிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள்.